படம் ஓடவில்லை, பாட்டு ஓய்வதில்லை: காவியத்தலைவன்

கேள்வி: 2014-ல் வந்த காவியத்தலைவன் ஓடவில்லையே, திருநெல்வேலிப் பக்கம் அதன் பாடல்களை ஏன் இன்னும் விடாமல் கேட்கிறார்கள்?

வசந்தபாலன் இயக்கிய அந்தப் படம் பழைய நாடகக் கம்பெனிகளின் கதை. முதல் பாதி நன்றாக இருக்கும். பிறகு காளி, கோமதிநாயகம் என்ற இரு நாடக நடிகர்களின் போட்டியே நீண்டுகொண்டு போகும். கூட்டம் வராததற்கு அதுதான் காரணம் என்பேன்.

ஆனால் ஏ.ஆர். ரகுமானின் பாடல்கள் வேறு கதை. திருநெல்வேலிப் பக்கத்து எங்களுக்கு அவை வீட்டுச் சொத்து மாதிரி. படத்துக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படும் நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்தது எங்கள் பக்கத்துச் செங்கோட்டையில், 1906-ல். ஒலிபெருக்கி இல்லாத மேடையில், ஹார்மோனியத்துக்கு மேலே எழும்பிக் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அவருடையது. 1933-ல், 27 வயதில் போய்விட்டார். கோமதிநாயகம் என்ற பெயரும் சங்கரன்கோவில் கோமதியம்மன் மண்ணின் பெயர்தான்!

ஹரிசரண் பாடிய 'சண்டிக்குதிரை'யைக் கேளுங்கள். குரலை அடக்காமல் திறந்து பாடும் நாடக மேடைத் துணிச்சல் அதில் இருக்கிறது. இசை அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை என்ற குறை எனக்கும் சில இடங்களில் உண்டு. சரி, அதனால் என்ன? 'யாருமில்லா' தொடங்கினால் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. படம் பார்க்காதவர் என்றால் முதலில் அந்தப் பாட்டைக் கேளுங்கள், அப்புறம் படத்துக்கு வாருங்கள்.