அண்ணாச்சியிடம் கேளுங்க: பேல் ஏல் கசந்தால் அது குறையா?

போன மாதம் பீரை ருசி பார்த்து மதிப்பிடும் வேலை பற்றி அண்ணாச்சி சொன்ன ஒரு பதிலுக்கு நிறையக் கடிதங்கள் வந்தன, அவற்றில் பலவும் பேல் ஏல் என்ற பீர் வகை பற்றியே கேட்டிருந்தன. பெயர் போட வேண்டாம் என்று எழுதியவர்களே அதிகம் என்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பெங்களூரு மைக்ரோபுரூவரிகளில் (சின்ன பீர்க் கூடங்களில்) பீர் காய்ச்சும் வேலை பார்த்துவிட்டு இப்போது பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்ட அண்ணாச்சியின் பதில்கள் இதோ.

அண்ணாச்சி, பெங்களூருவில் என் மச்சான் ஒரு மைக்ரோபுரூவரிக்குக் கூட்டிக்கொண்டு போய் பேல் ஏல் வாங்கிக் கொடுத்தான். 'இங்கே இதுதான் டாப்பு' என்றான். எனக்கு ஒரே கசப்பு, அது போக ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம் வேறு. நம்ம ஊர்க் கடை பீரில் இதெல்லாம் கிடையாதே. சரக்கு கெட்டுப்போனதா, எனக்குத்தான் ருசி தெரியவில்லையா? (வண்ணாரப்பேட்டை)

சரக்கு கெட்டுப்போகவில்லை தம்பி, உங்க மூக்கும் நாக்கும் சரியாகத்தான் வேலை செய்திருக்கு. பேல் ஏலில் முதலில் கவனிக்க வேண்டிய இரண்டையும் நீங்களே பிரித்துச் சொல்லிவிட்டீங்க. அந்தக் கசப்பு, ஆரஞ்சுத் தோல் வாசம் இரண்டுமே ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் சாறு கொதிக்க ஆரம்பிக்கும்போதே ஹாப்ஸைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு நன்றாக இறங்கிவிடும், வாசம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைக்கிற சமயத்தில் போட்டாலோ, நொதித்து முடிந்த பீரில் சில நாள் ஊறவிட்டாலோ வாசம் அப்படியே நிற்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. அமெரிக்காவில் 1972-இல் வெளியான காஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் இந்த ஆரஞ்சு, பம்பளிமாஸ் வாசத்துக்குப் பெயர் பெற்றது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா என்ற பீர் நிறுவனம் 1980-இல் அதைப் போட்டுக் காய்ச்சிய பேல் ஏல்தான் அதற்குப் பிறகு வந்த சின்னக் கூடங்களுக்கெல்லாம் முன்மாதிரி. நம்ம ஊர்க் கடையில் கிடைப்பது பெரும்பாலும் லாகர் என்ற வேறு வகை பீர், அதில் ஹாப்ஸ் ரொம்பக் குறைவு, அதனால்தான் இந்த ருசி உங்களுக்குப் புதுசாக இருந்திருக்கு.

சரி, மதிப்பிடுவது எப்படி? ஊற்றியவுடன் குடிக்காதீங்க, மோந்து பாருங்க. நுரை அடங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வாசம் அதிகமாக மேலே வரும், ஒரே இழுப்பாக இழுக்காமல் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை மோந்து, நார்த்தங்காயோ எலுமிச்சை இலையோ மாம்பழமோ, மனசில் முதலில் என்ன வருகிறதோ அதைத் தயங்காமல் சொல்லிவிடுங்க. அந்த வாசத்துக்கு அடியில் மால்ட் இருக்கிறதா என்று தேடணும்: ரொட்டியின் ஓரம், பிஸ்கட், சிலதில் லேசாகக் கருப்பட்டி. ஹாப்ஸ் மட்டும் தூக்கலாக இருந்து மால்ட் எங்கே என்றே தெரியவில்லை என்றால் காய்ச்சியவர் ஹாப்ஸ் இன்னும் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பக்கம் போய்விட்டார் என்று அர்த்தம். நிறம் வெளிர் பொன்னிலிருந்து இளம் செம்பு வரை இருக்கலாம், லேசான கலங்கலைக் குறையாக எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு வாய் குடித்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கணும். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்புவார்கள், பீரில் கசப்பு எப்படி முடிகிறது என்று தெரிய வேண்டும் என்பதால் விழுங்குவதுதான் வழக்கம். நல்ல பேல் ஏலில் முதலில் மால்ட்டின் இனிப்பு லேசாகத் தட்டுப்படும், அதன் மேல் கசப்பு ஏறும், ஏறின கசப்பு தங்காமல் கழுவி விட்டதுபோல் போய், இன்னொரு வாய் குடிக்கத் தோன்றும். கொட்டைப்பாக்கை மென்றதுபோல் கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு, அதைக் கசப்போடு சேர்த்துவிடக் கூடாது. மால்ட்டை அளவுக்கு மீறிச் சூடான தண்ணீரில் அலசி, உமியின் துவர்ப்பையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள் என்றால் அப்படி வரும். கசப்பு பேல் ஏலுக்கு வேண்டிய குணம், துவர்ப்புக்கு மார்க் குறைப்பேன். உங்க மச்சான் சொன்ன டாப்பு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அது உங்க விருப்பம். ஆனால் நன்றாகக் காய்ச்சியதா இல்லையா என்று பார்ப்பது விருப்பத்தைத் தாண்டின வேலை.

போட்டிகளில் பீருக்கு மார்க் எப்படிப் போடுகிறார்கள்? (நாங்குநேரி)

பல போட்டிகளில் பயன்படுவது 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாள். மொத்தம் 50 மார்க். வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதைக் கவனிங்க, அழகான கிளாஸைப் பார்த்து யாரும் மயங்கக் கூடாது என்பதற்குத்தான் அது. அவர்கள் கணக்கில் அமெரிக்க பேல் ஏல் என்றால் ஆல்கஹால் 4.5 முதல் 6.2 சதவீதம், கசப்பு அலகு 30 முதல் 50. 'கிக்கே இல்லை' என்று அதற்கு மார்க் குறைக்க முடியாது. கிக் எந்தக் கட்டத்திலும் கிடையாது.

அண்ணாச்சி, கோவாவுக்குப் போனபோது ஒரு இடத்தில் பேல் ஏல் கேட்டோம், ஐஸ் மாதிரி இல்லாமல் சுமாரான குளிர்ச்சியில் கொண்டுவந்து வைத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டோம். செய்தது சரிதானே? (ஆலங்குளம்)

இல்லை தம்பி. பேல் ஏலை 7 முதல் 10 டிகிரியில் கொடுப்பதுதான் முறை, ஆங்கிலேய பாணி என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். நம்ம சித்திரை வெயிலில் ஜில்லென்று கேட்பது நியாயம்தான், ஆனால் உறைகிற குளிரில் வாசம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும், நல்லதும் மட்டமானதும் ஒன்றுபோலவே தெரியும். ரொம்பக் குளிர்ந்து வந்துவிட்டால் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துச் சில நிமிஷம் பொறுங்க.

நான் தென்காசிக்காரன், அண்ணாச்சி. மைக்ரோபுரூவரி ஒன்றில் உதவியாளாக இருக்கிறேன். எங்கள் பேல் ஏலில் சில தடவை வெண்ணெய் வாடை வருகிறது, சில தடவை இல்லை. பெரியவர் 'ஈஸ்ட் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? (இப்போது பெங்களூரு)

வாடையைக் கவனித்ததே பெரிய விஷயம். அது டயாசிட்டில் என்ற பொருள். ஈஸ்ட் வேலை செய்யும்போது அதற்கான மூலப்பொருள் பீருக்குள் கசிந்து டயாசிட்டிலாக மாறும், கடைசியில் அதே ஈஸ்ட்தான் அதைத் திரும்ப எடுத்துத் தின்று தீர்க்கும். தின்று முடிப்பதற்குள் அவசரப்பட்டு டாங்கைக் குளிரவைத்துவிட்டால் ஈஸ்ட் உறங்கிவிடும், மூலப்பொருள் மிஞ்சும். டாங்கில் மோந்தபோது ஒன்றும் தெரியாது, பரிமாறும்போது வெண்ணெய் வாடை வந்து நிற்கும். உங்களுக்கு விட்டு விட்டு வருவதைப் பார்த்தால் சில காய்ச்சலுக்கு அவகாசம் கிடைக்கிறது, சிலதுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சோதனை சுலபம். டாங்கிலிருந்து இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுங்க. ஒன்றை மூடி, 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வையுங்க, மற்றது சும்மா இருக்கட்டும். சூடாக்கினதை ஆறவைத்து, இரண்டும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகு மாற்றி மாற்றி மோந்து பாருங்க. சூடாக்கினதில் மட்டும் வெண்ணெய் வந்தால் மூலப்பொருள் இன்னும் பாக்கி, டாங்கைக் குளிரவைக்காமல் இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டுத் திரும்பவும் சோதியுங்க. இரண்டிலுமே வந்தாலும் பொறுக்கத்தான் வேண்டும். இரண்டிலும் வராமல், குழாயில் பிடிக்கும்போது மட்டும் வருகிறது என்றால் ஈஸ்ட்டைக் குறை சொல்லாதீங்க, குழாய் லைனில் பாக்டீரியா குடியேறியிருக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க. வாசம் லேசாக இருந்து சந்தேகம் வந்தால் நாக்கைக் கேளுங்க, டயாசிட்டில் இருக்கிற பீர் நாக்கில் வழுவழுவென்று எண்ணெய்ப் பசையாக ஓடும்.

மற்ற வாடைகளையும் வீட்டுப் பொருளை வைத்தே பழகிக்கொள்ளலாம், ஒரு சொட்டு பீர் வேண்டாம். மக்காச்சோளம் அவித்த தண்ணீர் வாடை வந்தால் அது டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள், பாத்திரத்தை மூடிவைத்துக் கொதிக்கவிட்டார்களா என்று பார்க்கணும். பச்சை ஆப்பிளை நறுக்கின வாடை என்றால் பீர் இன்னும் பிஞ்சு. அட்டைப்பெட்டியை நனைத்து மோந்து பாருங்க, காற்றுப்பட்டுப் பழசான பீர் அப்படித்தான் இருக்கும், அதற்கு முன்னாலேயே ஹாப்ஸ் வாசம் மங்கியிருக்கும். பழுத்த வாழைப்பழ வாசம் தூக்கலாக வந்தால் ஈஸ்ட் சூட்டில் வேலை செய்திருக்கு. கருகின ரப்பரும் பூண்டும் கலந்த வாடை வெயில் பட்ட பாட்டிலில் வரும், ஹாப்ஸின் கசப்புப் பொருளை வெளிச்சம் உடைப்பதால் வருவது அது. பாட்டில் பழுப்பாக இருப்பது அந்த வெளிச்சத்தைத் தடுக்கத்தான்.

இன்னொன்று. 'வாடை அடிக்குது' என்று பெரியவரிடம் வாயால் சொன்னால் காதில் விழாது. எந்தத் தேதிக் காய்ச்சல், எத்தனை டிகிரியில் எத்தனை நாள் இருந்தது, எந்தக் குப்பியில் வந்தது என்று நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்க, அவரும் தொழில் தெரிந்தவர், கட்டாயம் பார்ப்பார்.

தாமிரபரணித் தண்ணீரால்தான் அல்வாவுக்கு அந்த ருசி என்கிறோம். அந்தத் தண்ணீரில் பேல் ஏல் காய்ச்சினால் உலகத்திலேயே நன்றாக வருமா? (அம்பாசமுத்திரம்)

நல்ல கேள்வி. தண்ணீர் பீரை மாற்றும் என்பது சத்தியம். பேல் ஏலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஊர் இங்கிலாந்தின் பர்ட்டன், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே காய்ச்சியது பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறி நம்ம நாட்டுக்கே வந்தது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதில் உள்ள சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கி, வறண்டு முடியும்படி செய்யும். பொதிகைப் பாறையில் இறங்கி வருகிற மேலாற்றுத் தண்ணீர் அதற்கு நேர் எதிர், உப்பு குறைந்த மெல்லிய தண்ணீர். அதில் அப்படியே காய்ச்சினால் கசப்பு மழுங்கலாக நிற்கும், செக் நாட்டின் பில்சன் ஊர் லாகர் போன்றதற்கு வேண்டுமானால் பொருந்தும். ஆனால் மெல்லிய தண்ணீரில் ஜிப்சம் சேர்ப்பது லேசு, கடினமான தண்ணீரில் இருப்பதை எடுப்பதுதான் பாடு. அந்த வகையில் பீர் காய்ச்சுகிறவனுக்கு நம்ம ஆறு ஒரு கொடுப்பினைதான்.

வீட்டிலேயே பேல் ஏல் காய்ச்சலாமா? கள்ளும் இதுவும் ஒன்றுதானே? (திருச்செந்தூர்)

காய்ச்சக் கூடாது. நம்ம மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கு. கள்ளுக்கும் 1987-லிருந்து தடை. ஒன்றா என்றால், இரண்டிலும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது, அதோடு சரி. பனை ஏறுகிறவர் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் பதநீராக இறங்கும், தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புகுந்து சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். பேல் ஏலில் சாற்றைக் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, தேர்ந்தெடுத்த ஒரே ஈஸ்ட்டை விட்டு, 20 டிகிரியை ஒட்டிக் காவல் காக்கிறார்கள். பழகணும் என்று ஆசை இருந்தால் பதநீரில் பழகுங்க, இளசும் லேசாகப் புளிப்பு ஏறினதும் மோந்த மாத்திரத்தில் தெரிகிற மூக்கு பீருக்கும் உதவும்.

தம்பி, என் மகன் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு பீர் காய்ச்சும் இடத்தில் ருசி பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். குடிகாரனாகிவிடுவானோ என்று எனக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. (திசையன்விளை)

அக்கா, உங்க பயம் நியாயமானது, அதை லேசாகச் சொல்லி நான் தள்ளிவிட மாட்டேன். அவன் பார்க்கிற வேலையில் பெரும்பகுதி அளப்பதும் கழுவுவதும்தான், பாத்திரம், குழாய், டாங்க் என்று நாள் முழுக்கச் சுத்தம் பண்ணுவதிலேயே போய்விடும். ருசி பார்க்கிறபோது ஒரு மாதிரிக்கு 60 மில்லி போல ஊற்றுவார்கள், அதிலும் ஒன்றிரண்டு வாய்தான் குடிப்பது, பெரும்பாலும் காலையில், நாக்கு சுத்தமாக இருக்கும்போது. போதை ஏறினவனால் வாடையைப் பிரிக்க முடியாது, அவனை அந்த மேஜையில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் மது மதுதான் அக்கா, தொழிலில் இருந்தே பழக்கத்தில் விழுந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் அவனிடம் சண்டை போடாமல் மூன்று விஷயம் கேளுங்க: வேலை முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து குடிக்கிறானா, ருசி பார்த்த நாளில் வண்டி ஓட்டுகிறானா, வாரத்தில் ஒரு சொட்டும் தொடாத நாள் இருக்கிறதா. மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னான் என்றால் சொந்தக்காரர்கள் பேச்சை விட்டுத்தள்ளுங்க, அவன் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையைத்தான் பார்க்கிறான்.

பேல் ஏலைச் சில்வர் டம்ளரில் ஊற்றினேன், நுரை நிற்கவே இல்லை. பீரில் குறையா? (வள்ளியூர்)

முதலில் டம்ளரைப் பாருங்க. மோரோ பாலோ ஊற்றிக் குடித்த பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு ஒட்டியிருக்கும், அது பட்டாலே நுரை உடைந்துவிடும். கண்ணாடி கிளாஸ் எடுங்க, நிறமும் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்க. சந்தேகமாக இருந்தால் உள்ளே நனைத்து உப்புத்தூளைத் தூவிப் பாருங்க, உப்பு ஒட்டாத இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கு, திரும்பக் கழுவணும். அப்படிக் கழுவின கிளாஸிலும் நுரை நிற்காவிட்டால் அப்புறம் பீரைக் குறை சொல்லலாம்.