உயிரை விட்ட போனுக்குப் பதில் தவணையில் புதிது வாங்கலாமா?

கேள்வி: நான்கு வருடமாக வைத்திருந்த போன் போன வாரம் சார்ஜில் இருந்தபடியே அணைந்துபோனது, அதன்பின் எழவே இல்லை. மதர்போர்டு போய்விட்டது, மாற்றினால் அதே போல ஒரு புது போன் விலையில் பாதி ஆகும் என்கிறார் ரிப்பேர் பார்ப்பவர். கடையில் என் இரண்டு மாதச் சம்பளம் விலையுள்ள போனை 12 தவணையில், 12 சதவீத வட்டிக்குத் தருகிறார்கள். அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், அதைத் தொட மனம் வரவில்லை. தவணையில் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் போனும் வேண்டாம், அந்தத் தவணையும் வேண்டாம்.

ஓடிபி வரவில்லை, வங்கி ஆப் இல்லை, யார் எண்ணும் நினைவில் இல்லை என்று கை ஒடிந்த மாதிரி நிற்கிற நேரத்தில் கடைக்குப் போனால் எதைக் காட்டினாலும் வாங்கத் தோன்றும், என்னிடம் வருபவர்களில் பலர் போனுக்கு அதிகமாகக் கொடுத்தது இந்த மனநிலையில்தான். அதனால் முதலில் தெரிந்தவர் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றை இரவல் வாங்கி உங்கள் சிம்மை அதில் போடுங்கள். அழைப்புக்கும் ஓடிபிக்கும் அது போதும். வங்கி ஆப்பை மட்டும் அதில் ஏற்றாதீர்கள், அப்டேட் நின்றுபோன போனில் பணத்தை வைத்துப் பழகக் கூடாது. வேறொரு கணினியிலிருந்து உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து பழைய போனை வெளியேற்றிவிடுங்கள், வங்கியிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ரிப்பேர். சார்ஜில் இருக்கும்போது அணைந்தது என்கிறீர்கள். பேட்டரியோ சார்ஜிங் போர்ட்டோ பழுதானாலும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும், இரண்டுமே மதர்போர்டை விட மிகவும் மலிவு. இன்னொருவரிடம் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். உண்மையிலேயே போர்டுதான் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் படங்கள் இருக்கும் சேமிப்பு அந்தப் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, அதைக் கழற்றி எறிந்து புதுப் போர்டு போட்டால் போன் ஓடும், படங்கள் வராது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து புது போன்களில் சேமிப்பைக் குறியாக்கம் செய்வது, அதாவது அந்தப் போனைத் தவிர வேறெதிலும் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது, கட்டாயம், ஐபோனிலும் அப்படித்தான், ஆகவே அந்தச் சிப்பை மட்டும் பெயர்த்து வேறு போனில் வைத்துப் படிக்கவும் முடியாது. படங்கள்தான் முக்கியம் என்றால் "பழைய போர்டையே ஒரு தடவை எழுப்பித் தர முடியுமா, தரவை எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, நான்கு வருடப் போனுக்குப் பாதி விலையில் புதுப் போர்டு போடுவதில் இல்லை.

சரி, தவணைக்கு வருவோம். அந்த 12 சதவீதம் எதன்மேல் என்று கேட்டீர்களா? ஆறு தவணை கட்டி முடிக்கும்போது கடனில் பாதி அடைந்திருக்கும், ஆனால் முழுத் தொகைக்கும் கடைசி வரை ஒரே வட்டி போடும் முறை என்றால் நீங்கள் உண்மையில் கொடுப்பது வருடத்துக்குச் சுமார் 21.5 சதவீதம். உங்கள் கணக்கில் சொன்னால் ஒரு வாரச் சம்பளம் வட்டிக்கே போகும், மாதாமாதம் சம்பளத்தில் ஏறக்குறைய 19 சதவீதம் ஒரு வருடத்துக்குப் பிடிபடும். வட்டியே இல்லாத தவணை என்றாலும் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள், வட்டி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அவசரப் பணத்தை எடுங்கள். வேலையும் வங்கியும் போனில் இருக்கும்போது இது அவசரம் இல்லையென்றால் வேறு எது? ஆனால் அரை மாதச் சம்பளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் திருப்பி நிரப்புங்கள்.

அந்த விலைக்குள் எதை வாங்குவது? நான் பார்ப்பது கேமராவை இல்லை, விலையைப் பாதுகாப்பு அப்டேட் வரும் மாதங்களால் வகுத்து வருகிற தொகையை. அரை மாதச் சம்பளத்துக்கு வாங்கியதில் 36 மாதம் அப்டேட் மீதி இருந்தால் மாதத்துக்குச் சம்பளத்தில் 1.4 சதவீதம், அதே விலைப் போனில் 12 மாதம்தான் மீதி என்றால் 4.2 சதவீதம். கடைக்காரர் காட்டிய போனுக்கு ஏழு வருட அப்டேட் இருந்தால்கூட 2.4 சதவீதம் வருகிறது, வட்டி தனி. அப்டேட் கெடு எண்ணப்படுவது மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து இல்லை, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2023-இல் வந்த பிக்ஸல் 8-க்கும் 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் என்று நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன, அப்படிப்பட்ட ஒன்று வாரண்டியோடு புதுப்பித்த நிலையில் உங்கள் விலைக்குள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள், பேட்டரியின் நிலையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய அன்றே பேக்கப்பை ஆன் செய்யுங்கள். அப்புறம், போன் கையில் இல்லாதபோதும் உள்ளே நுழைய மின்னஞ்சலுக்கும் மற்ற கணக்குகளுக்கும் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், அடுத்த போன் நிற்கும்போது கடைக்கு ஓடாமல் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் காகிதத்தைத்தான்.