பையன் குடும்ப ஜெபத்துக்கு வர மறுத்தால்

அண்ணே, பத்தாம் வகுப்புப் பையன் ராத்திரி ஜெபத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறான், அதட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதட்டலை விடுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பைபிளில் எபேசியர் 6:4 சொல்வது தகப்பன்மாரைப் பார்த்துத்தான். (நாம், பெற்றோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற 6:1-ஐ மட்டும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்!)

எங்கள் அப்பா யாரையும் ஜெபத்துக்குக் கூப்பிட்டதில்லை. விடியற்காலை நாலரைக்கு, சமையலறை லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்பார். ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, என் பெயரைச் சொல்லி அவர் அழுவதைக் கேட்டேன். அப்புறம் நானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன்.

உங்கள் வீட்டு ஜெபம் முக்கால் மணி நேரமாமே? பரீட்சை முடியும்வரை ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பத்து நிமிடம் போதும். அன்றைக்கு அவனைத் திட்டியிருந்தால், உட்காருமுன் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.