வாசகர் கேள்வி–பதில்: நீரும் காற்றும் பகிர்ந்துகொள்ளும் மணலில் கரைபொருள்

கேள்வி: நீர் முழுமையாக நிறைந்த மணலில் கரைபொருள் கடத்தப்படுவதற்கான சமன்பாட்டைப் படித்திருக்கிறேன். துளைகளில் நீரோடு காற்றும் இருந்தால், அதில் நுண்துளை விகிதத்துக்கு (மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கு) பதிலாக நீரின் கன அளவு விகிதத்தை எழுதிவிட்டால் போதாதா?

பதில்: சமன்பாட்டின் வடிவத்துக்கு அது போதும், விடை சரியாக வருவதற்குப் போதாது. ஓரலகு கன அளவு ஊடகத்தின் நீரில் உள்ள கரைபொருளின் நிறை என்பது நுண்துளை விகிதம், துளைகளில் நீர் நிரம்பியுள்ள பங்கு, நீரில் உள்ள செறிவு ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். கரைபொருள் நீரிலேயே தங்கி, வினைபுரியாமலும் மணலில் ஒட்டாமலும் இருக்கும்வரை, இந்த நிறை மாறும் வீதம் பாய்வாலும் பரவலாலும் (நீரின் பாதைகளும் வேகங்களும் வேறுபடுவதாலும் மூலக்கூறுகளின் அசைவாலும் கரைபொருள் விரிந்து சிதறுவது) வந்து சேரும் நிகர வரவுக்குச் சமம் என்ற கணக்கு பிசகாது.

ஆனால் நீரின் பங்கு இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுவதால் அதையும் கண்டுபிடித்தாக வேண்டும். பாய்வின் வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம் என டார்சி 1856-இல் தந்த விதியை, ஊடுருவுதிறன் (ஊடகம் பாய்மத்தை எவ்வளவு எளிதாகச் செல்லவிடுகிறது என்பதன் அளவு) நீரின் பங்கைச் சார்ந்தது என விரித்தே இதற்கான சமன்பாடுகள் அமைக்கப்படுகின்றன. காற்றழுத்தம் எங்கும் மாறிலி எனக் கொண்டால் நீரின் பாய்வுக்கு ரிச்சர்ட்ஸ் 1931-இல் வெளியிட்ட ஒரே சமன்பாடு போதும். இரண்டாவது பாய்மம் எண்ணெய் எனில் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது, இரண்டுக்கும் தனித்தனியே எழுதி நுண்புழை அழுத்தத்தால் (துளைகளில் இரு பாய்மங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு) இணைக்க வேண்டும். கரைபொருள் நீரின் அடர்த்தியையோ பாகுநிலையையோ மாற்றாதவரை, பாய்வை முதலில் தீர்த்துவிட்டுக் கடத்தலைப் பிறகு தீர்க்கலாம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது பரவல் கெழுவைத்தான், அதாவது பரவலின் வலிமையைக் குறிக்கும் எண்ணை. பெரிய துளைகளைக் காற்று பிடித்துக்கொள்ளும்போது நீரின் பாதைகள் வளைந்து நீள்வதோடு, நீரில் ஒரு பகுதி மணற்பருக்களின் இடுக்குகளிலும் மெல்லிய படலங்களிலும் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுகிறது. அந்தத் தேங்கிய நீருக்குள் கரைபொருள் பெரும்பாலும் மூலக்கூறு விரவலால் (மூலக்கூறுகளின் தன்னிச்சையான அசைவால்) மெதுவாகப் புகுந்து மெதுவாகவே வெளியேறுவதால், வெளியேறும் நீரின் செறிவுக்கும் நேரத்துக்குமான வரைபடத்தில் நீண்ட வால் தோன்றும். மாறாத ஒரே கெழுவைக் கொண்ட சமன்பாடு அந்த வாலைத் தராது. கோட்ஸ், ஸ்மித் இருவரும் 1964-இல் முன்வைத்த மாதிரி, நீரை இயங்கும் பகுதி, தேங்கிய பகுதி எனப் பிரித்து, இரண்டுக்கும் இடையிலான பரிமாற்றத்தைச் செறிவு வேறுபாட்டுக்கு நேர்விகிதமாகக் கொள்கிறது. இதனால் இயங்கும் பங்கு, பரிமாற்ற வீதம் என்று இரண்டு அளபுருக்கள் கூடுகின்றன. அவற்றை ஓர் ஈரநிலையில் செய்த சோதனையிலிருந்து பெற்று வேறோர் ஈரநிலைக்கு அப்படியே பயன்படுத்துவது இத்துறையில் நடக்கும் மிக ஆபத்தான சுருக்குவழி என்பது என் கருத்து, ஏனெனில் காற்று இடம்பெயர்ந்தால் தேங்கும் நீரின் இடமும் மாறிவிடும்.

கரைபொருள் ஆவியாகக் கூடியது எனில் காற்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும். வளிமத்தில் விரவல் நீரில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு வேகமானது. ஆகவே ஹென்றி விதிப்படி (நீரில் உள்ள செறிவுக்கு நேர்விகிதமாக) காற்றுக்குள் செல்லும் பங்கு சிறிதாயினும் அதைப் புறக்கணிக்கக் கூடாது.

கேள்வி: கணினித் தீர்வில் செறிவின் முகப்பு மழுங்கித் தெரிகிறது. இது இயற்பியலா, பிழையா?

பதில்: பாய்வு வரும் பக்கத்துச் செறிவைக் கொண்டு கணக்கிடும் மேற்பாய்வு வேறுபாட்டு முறையை (upwind) பயன்படுத்தினால், கணக்கீட்டுக்காக இடத்தைப் பிரித்த கட்டத்தின் அகலத்தில் பாதியைத் திசைவேகத்தால் பெருக்கிய அளவுக்குச் செயற்கைப் பரவல் சேரலாம். அது நீங்கள் இட்ட பரவல் கெழுவுக்கு நிகராக இருந்தால், திரையில் தெரியும் மழுங்கலில் பெரும்பகுதி கட்டத்தினுடையது. கட்ட அகலத்தையும் கால இடைவெளியையும் சேர்த்துப் பாதியாக்கி மீண்டும் இயக்குங்கள். முகப்பு கூர்மையடைந்தால் முந்தைய தீர்வை நம்பாதீர்கள்.