மகள் சைக்காலஜி எடுக்கட்டுமா?

கேள்வி: மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் காமர்ஸோடு சைக்காலஜி எடுப்பேன் என்கிறாள். தோழிகளின் பிரச்சினைகளை எல்லாம் இவள்தான் உட்கார்ந்து கேட்பாள். அதனால் கவுன்சலர் ஆக வேண்டுமாம். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கவா படிக்கிறா? பேசாம பயாலஜி எடுக்கச் சொல்லுங்க" என்கிறார் என் நாத்தனார். என்ன செய்வது?
- ஒரு அம்மா, கொளத்தூர்

பதில்: தாராளமாக எடுக்கட்டும் அம்மா. ஆனால் தோழிகளின் கதையைக் கேட்கப் பிடிக்கும் என்பது மட்டுமே காரணமென்றால் ஏமாந்துபோவாள். பிளஸ் ஒன் சைக்காலஜியில், மனிதர்களின் நடத்தையை எப்படிச் சோதித்து அறிவது என்பதற்குத்தான் முக்கிய இடம்.

உதாரணத்துக்கு, எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் நிறைய மறந்துவிடுகிறது, அப்புறம் மறக்கும் வேகம் குறைகிறது என்று கண்டார். ஏன் அர்த்தமில்லாத அசைகள்? தெரிந்த சொல்லென்றால் பழைய ஞாபகம் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். இந்த இடத்தில் உங்கள் மகள் "அட!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அவளுக்கு ஏற்ற பாடம் இதுதான். என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் பதினோராம் வகுப்புப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆய்வு முறைகள், நினைவாற்றல் ஆகிய இரண்டு பாடங்களையும் இந்த வாரமே படிக்கச் சொல்லுங்கள்.

நாத்தனார் சொல்வதில் ஒன்று மட்டும் உண்மை. மனநல மருத்துவர் ஆக எம்.பி.பி.எஸ். வேண்டும், அதற்கு பயாலஜி வேண்டும். அந்த ஆசை இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். மற்றபடி பைத்தியம் என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டோம் நாம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் சிகிச்சைக்கே போவதில்லை. அது உங்கள் வீட்டில் வேண்டாம்.

இப்போது சைக்காலஜி எடுக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. கல்லூரியில் இளங்கலை உளவியல் சேர, பொதுவாகப் பிளஸ் டூவில் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. சென்னையிலேயே மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் இளங்கலை முடித்த கையோடு கிளினிக் திறக்க முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநலப் பிரச்சினைகளுக்கு உளவியல் முறையில் சிகிச்சை தருபவர்) ஆக, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பயிற்சியும் பதிவும் வேண்டும். நீண்ட வழி என்பது அவளுக்கு இப்போதே தெரியட்டும்.

தோழிகளின் பாரம் அவளையே அழுத்துகிறதா என்றும் மெதுவாகக் கேளுங்கள். அப்படியென்றால் அதற்குப் பாடப்புத்தகம் மருந்தாகாது. பள்ளிக் கவுன்சலரிடம் பேசலாம். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம்.

ஃபீஸ் கட்டுமுன் பள்ளியில் இரண்டு விஷயம் கேளுங்கள். சைக்காலஜி படித்த ஆசிரியர் இருக்கிறாரா? 30 மதிப்பெண் செய்முறையை உண்மையிலேயே செய்ய வைக்கிறார்களா? இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால், காமர்ஸோடு வேறு பாடம் எடுத்துவிட்டு, கல்லூரியில் உளவியல் சேரட்டும்.