பெரிய மிருக வேட்டைக்கு முதல் ரைஃபிள் வாங்கப் போறேன், .300 வின் மேக் (வின்செஸ்டர் மேக்னம்ங்கற வேகமான, உதை ஜாஸ்தியான தோட்டா) எடுக்கலாமா? வாங்கினப்புறம் எப்படி செட் பண்றது?

கேள்வில நீங்க சொல்லியிருக்கறது இதுதான்: மான், எல்க்னு சொல்ற ரொம்பப் பெரிய மான் மாதிரி மிருகம், சுடற தூரம் அதிகபட்சம் 300 கஜம், இதுவரைக்கும் .22 மட்டும்தான் சுட்டிருக்கீங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மேக்னம் எடுன்னு சொல்றாங்க. லைசென்ஸ், பர்மிட், அந்த இடத்துல எந்த காலிபர் (குண்டோட அளவு) வரைக்கும் சட்டம் அனுமதிக்குது, இதெல்லாம் பார்த்தாச்சுன்னே வெச்சுக்கறேன், அது இல்லாம இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்ல.

என் பதில், மேக்னம் வேணாம். .30-06 இல்லன்னா .308ங்கற தோட்டாவுக்கான ரைஃபிள் எடுங்க, மான் மட்டும்தான்னா 6.5 க்ரீட்மூரே தாராளமா போதும்.

ஏன்னு சொல்றேன். .30-06 வந்தது 1906ல, .300 வின் மேக் வந்தது 1963ல, ரெண்டுலயும் அதே 180 கிரெய்ன் (குண்டோட எடை அளவு) குண்டைப் போட்டா .30-06ல அது செகண்டுக்கு சுமார் 2700 அடி வேகத்துல கிளம்பும், மேக்னம்ல சுமார் 2950. கேக்க பெருசா இருக்கும். ஆனா ரெண்டையும் 200 கஜத்துக்கு ஜீரோ பண்ணிட்டு, அதாவது அந்த தூரத்துல குறி வெச்ச இடத்துலயே படற மாதிரி ஸ்கோப்பைத் திருப்பி வெச்சுட்டு, 300ல சுட்டுப் பாருங்க, .30-06 சுமார் 8 இன்ச் கீழ இறங்கும், மேக்னம் ஆறேழு இன்ச் இறங்கும். அவ்ளோதான் வித்தியாசம். ஒரு மானோட நெஞ்சுக்கூட்டுல இதயமும் நுரையீரலும் இருக்கற இடமே 8 இன்ச் அகலம் இருக்கு, எல்க்குக்கு அதைவிட நல்லாவே பெருசு. இந்த ரெண்டு இன்ச்சுக்காக தோள்ல வாங்கற உதை எவ்ளோன்னு பாருங்க, எட்டு பவுண்டு .30-06ல சுமார் 20 அடி-பவுண்டு ரீகாயில்னா அரை பவுண்டு கூட வெயிட் இருக்கற .300லயே 26 கிட்ட வரும். .22ல இருந்து நேரா அங்க போனா உடம்பு பயந்துக்கும், நீங்க எவ்ளோ தைரியசாலியா இருந்தாலும் சரி, இது தைரியம் சம்பந்தப்பட்டதே இல்ல, கண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு வெடிக்கும்னு மூளைக்குத் தெரிஞ்சா அது தானா கண்ணை மூடி தோளை முன்னாடி தள்ளிடும்.

இதை கண்ணால பார்க்கணும்னா ஒரு சோதனை இருக்கு, ரேஞ்சுல யாரையாவது துணைக்கு வெச்சு பண்ணுங்க. துப்பாக்கியை அவர் லோட் பண்ணித் தரணும், சில தடவை உண்மையான தோட்டா, சில தடவை டம்மி தோட்டா, எதுன்னு உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மி வர்றப்போ ட்ரிகரை அமுத்தினதும் "டிக்"னு மட்டும்தான் சத்தம் வரும், அந்த நொடியில பேரல் நுனி அசையாம நின்னா நீங்க நல்லா சுடறீங்க. நுனி சட்டுனு கீழ குத்துச்சுன்னா அதுதான் ஃப்ளின்ச். மேக்னம் வெச்சிருக்கறவங்க நிறைய பேருக்கு நான் பக்கத்துல நின்னு இதைப் பார்த்திருக்கேன், நுனி ரெண்டு மூணு இன்ச் இறங்கும், அவங்களுக்கே நம்ப முடியாது, அது வரைக்கும் ஸ்கோப் சரியில்லன்னு சொல்லிட்டு இருந்திருப்பாங்க. அந்த ரெண்டு இன்ச் 200 கஜத்துல எங்க போய் நிக்கும்னு யோசிங்க. நெஞ்சுல படவேண்டியது வயித்துல பட்டு, அந்த ஜீவன் மணிக்கணக்கா வலியோட காட்டுக்குள்ள போய் விழும். எனக்கு ரைஃபிள் தேர்வுல இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணுமே கிடையாது.

பேரல் நுனியில மஸில் ப்ரேக்னு வாயுவை பக்கவாட்டுல விடற துண்டு போட்டா உதை குறையுமேன்னு கேப்பாங்க, குறையும், நெஜம்தான். ஆனா சத்தம் பக்கவாட்டுல உங்க காதுக்கே திரும்பி வரும். சாதாரண ரைஃபிள் சத்தமே 160 டெசிபல் கிட்ட, 140க்கு மேல போனா ஒரே சத்தத்துல காது கெட்டுப்போக சான்ஸ் இருக்கு, போன காது திரும்ப வராது. சட்டம் அனுமதிச்சா சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்கற குழாய்) நல்ல வழி, இல்லன்னா நல்ல ரீகாயில் பேடும் கொஞ்சம் வெயிட்டான துப்பாக்கியும் போதும். எது போட்டாலும் காதுக்கு பாதுகாப்பு இல்லாம ஒரு தோட்டாகூட சுடாதீங்க.

காலிபரைப் பத்தி இவ்ளோ சண்டை போடறவங்க குண்டைப் பத்தி பேசவே மாட்டாங்க, எனக்கு அதுதான் ஆச்சரியம். மிருகத்துக்குள்ள போறது குண்டு மட்டும்தானே. 1946ல ஜான் நாஸ்லர்னு ஒருத்தர் கனடாவுல மூஸ்ங்கற பெரிய மான் வேட்டைக்குப் போனார், கையில .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்துக்கு பெரிய துப்பாக்கி. சேறு காஞ்சு ஒட்டியிருந்த அந்த மூஸோட தோல்லயே குண்டு சிதறிடுச்சு, உள்ள போகவே இல்ல. வேகம் ஜாஸ்தியா இருந்ததுதான் அங்க பிரச்சனையே. அவர் வீட்டுக்கு வந்து நடுவுல ஒரு செம்புத் தடுப்பு வெச்சு குண்டு செஞ்சார், முன்பாதி விரியும், பின்பாதி உடையாம உள்ள போயிட்டே இருக்கும். அதுதான் பார்ட்டிஷன் குண்டு, இன்னிக்கும் விக்குது. இப்போ ஈயத்தையும் மேலுறையையும் ஒட்டவெச்ச பாண்டட் குண்டு இருக்கு, முழுக்க செம்புலயே செஞ்சது இருக்கு. எல்க் மாதிரி எலும்பு கனமான மிருகத்துக்கு இந்த மூணுல ஒண்ணுதான் எடுக்கணும். காகித டார்கெட்டுக்குன்னு செஞ்ச மேட்ச் குண்டை, ஓட்டைங்க நெருக்கமா விழுந்து குரூப் அழகா வருதேன்னு வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அது எப்படி விரியும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஈயக் குண்டுக்கு தடை இருக்கற இடமும் இருக்கு, கலிஃபோர்னியாவுல 2019ல இருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, அதனால போற இடத்து சட்டத்தைப் பார்த்துட்டு முதல்லயே செம்புக்குப் போயிடுங்க, அப்புறம் மாத்தினா எல்லாத்தையும் திரும்ப ஜீரோ பண்ணணும்.

எருமை, யானை மாதிரி ஆபத்தான மிருகம்னா இது வேற கணக்கு. ஆப்பிரிக்காவுல பல நாட்டுல .375 தான் சட்டப்படி குறைந்தபட்சம், 1912ல வந்த .375 எச் அண்ட் எச் இன்னிக்கும் அதுக்கு அளவுகோலா இருக்கு, 300 கிரெய்ன் குண்டு, 2500 அடி வேகம். அதுல போல்ட்டும் (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்க கையால இழுக்கற தண்டு) முக்கியம், மவுசர் 98 ரைஃபிள்ல இருக்கற மாதிரி பெரிய நகம் தோட்டாவை மேகசின்ல இருந்து கிளம்பும்போதே பிடிச்சுக்கணும், அப்போதான் பதட்டத்துல போல்ட்டை பாதி இழுத்து திரும்பத் தள்ளினாலும் ரெண்டு தோட்டா ஒண்ணுக்கொண்ணு முட்டி சிக்காது. டபிள்யூ.டி.எம். பெல்ங்கற பழைய காலத்து யானை வேட்டைக்காரர் 7 எம்எம் மவுசர்லயே நிறைய யானை சுட்டார்னு சொல்லி சின்ன காலிபர் போதும்னு வாதாடறவங்க உண்டு. அவர் யானையோட மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்க இருக்குன்னு படிச்ச ஆளு, தொழிலே அதுதான். முதல் துப்பாக்கி வாங்கறவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

இப்போ துப்பாக்கி. எந்த கம்பெனின்னு நான் சொல்ல மாட்டேன், இன்னிக்கு சுமாரான விலையில வர்ற போல்ட் ஆக்‌ஷன்கூட 100 கஜத்துல ஒன்றரை இன்ச்சுக்குள்ள குரூப் போடுது, வேட்டைக்கு அது தாராளம். கடையில பார்க்கும்போது கண்ணை மூடிட்டு தோள்ல வெச்சு கன்னத்தை ஸ்டாக்ல, அதான் துப்பாக்கியோட கட்டைப் பகுதியில, பதிங்க, அப்புறம் கண்ணைத் திறங்க. ஸ்கோப் முழுசா தெரிஞ்சா ஸ்டாக் உங்களுக்கு பொருந்துது. கழுத்தை நீட்டியோ கன்னத்தைத் தூக்கியோ தேடவேண்டி இருந்தா பொருந்தல, கன்னத்துக்கு சீக் பேட் போட்டோ ஸ்டாக் நீளத்தைக் கூட்ட ஸ்பேசர் போட்டோ சரி பண்ணிக்கலாம். குளிர்ல தடிமனான ஜாக்கெட் போட்டுட்டு வேட்டையாடப் போறீங்கன்னா அதே ஜாக்கெட்டோட பாருங்க, அது மட்டுமே நீளத்தை அரை இன்ச் மாத்திடும். பேரல் 22 இல்ல 24 இன்ச், ஸ்கோப்போட சேர்த்து எட்டரை ஒம்பது பவுண்டு. ரொம்ப லேசான மலைத் துப்பாக்கி தூக்க சுகமா இருக்கும், ஆனா உதையும் ஜாஸ்தி, மூச்சு வாங்கும்போது நுனியும் நிக்காம ஆடும். ட்ரிகர் சுமார் மூணு பவுண்டுல, இழுவை இல்லாம சுத்தமா உடையணும். அதுக்கும் கீழ குறைக்காதீங்க, குளிர்ல விறைச்ச விரலோ கையுறையோ அதை உணராது.

வீட்டுக்கு வந்ததும் தோட்டா எதுவும் உள்ள இல்லன்னு சேம்பர்ல விரலை விட்டுப் பார்த்துட்டு, ஒரு காகிதத் துண்டை பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவுல நுழைச்சு ரிசீவர் (போல்ட் உக்காந்திருக்கற உடம்புப் பகுதி) வரைக்கும் இழுங்க. தடையில்லாம போனா பேரல் எதையும் தொடாம நிக்குதுன்னு அர்த்தம். நடுவுல சிக்குச்சுன்னா, அதுவும் மர ஸ்டாக்கா இருந்தா, ஈரத்துல மரம் ஊதும்போது பேரலை ஒரு பக்கமா தள்ளும், காலையில ஒரு ஜீரோ மழைக்கப்புறம் ஒரு ஜீரோன்னு ஆயிடும். கன்ஸ்மித்கிட்ட குடுத்து சரி பண்ணிடுங்க.

அடுத்தது ஸ்கோப் மாட்டறது. "சுடுது ஆனா எங்க போகுதுன்னே தெரியல"ன்னு வர்ற பிரச்சனை முக்காவாசி இங்கதான். 3-9x40 போதும், அதாவது மூணுல இருந்து ஒம்பது மடங்கு பெருசாக்கற, 40 எம்எம் முன் லென்ஸ் இருக்கற ஸ்கோப், அடர்ந்த காட்டுல மிருகம் முப்பது கஜத்துல எந்திரிச்சு நிக்கும்போது குறைந்த பவர்தான் உதவும். துப்பாக்கி மேல உக்கார்ற பேஸ், ஸ்கோப்பைப் பிடிக்கற ரிங், இந்த ரெண்டோட ஸ்க்ரூவுல இருக்கற எண்ணெய்யை முதல்ல சுத்தமா துடைச்சுடுங்க, பேஸ் ஸ்க்ரூக்கு நீலக் கலர் லாக் திரவம் ஒரு சொட்டு, ரிங்குக்கு கம்பெனி சொன்னாத்தான். பவரை அதிகபட்சத்துல வெச்சுட்டு, சுடற மாதிரியே தோள்ல வெச்சு, கறுப்பு வளையம் மறையற வரைக்கும் ஸ்கோப்பை முன்னபின்ன நகர்த்துங்க, கண்ணுக்கும் லென்ஸுக்கும் மூணரை நாலு இன்ச் இடைவெளி வரணும். சந்தேகம்னா கொஞ்சம் முன்னாடியே தள்ளி வைங்க, மலைச்சரிவுல மேல்நோக்கி சுடும்போது ஸ்கோப் புருவத்துக்கு இன்னும் கிட்ட வரும், அதுலதான் புருவம் கிழியும். சுவத்துல ஒரு தூக்குநூல் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டமா நிறுத்தி, ஸ்கோப்புக்குள்ள தெரியற குறிக்கோடான ரெட்டிக்கிளோட நிமிர்ந்த கோடு அந்த நூலோட ஒட்டி நிக்குதான்னு பாருங்க. அப்புறம் ரிங் ஸ்க்ரூவை ஒரே மூச்சுல முறுக்காம குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா, இறுக்கத்தை அளந்து காட்டற டார்க் ரெஞ்ச்ல 15 இல்ல 18 இன்ச்-பவுண்டு, உங்க ரிங்குக்கு என்ன போட்டிருக்கோ அது. கையளவுல "இறுக்கமா இருக்கு"ன்னு விட்டா ஒண்ணு ட்யூப் நசுங்கும், இல்ல உதையில வழுக்கும். கடைசியா ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலயும் நெயில் பாலிஷ்ல சின்னதா ஒரு கோடு, பின்னாடி அசைஞ்சா கண்ணுக்கே தெரியும்.

ஜீரோ பண்ண ஆரம்பிக்கும்போது நேரா 100 கஜத்துக்குப் போகாதீங்க, தோட்டாதான் வீணாகும். போல்ட்டைக் கழட்டிட்டு பேரல் வழியா 25 கஜத்துல இருக்கற டார்கெட்டைப் பாருங்க, அது நடுவுல இருக்கும்போது துப்பாக்கியை ஆட்டாம ரெட்டிக்கிளை அதே புள்ளிக்குத் திருப்புங்க. இப்போ ஒரு தோட்டா. ஸ்கோப்ல ஒரு கிளிக் கால் எம்ஓஏன்னா (எம்ஓஏங்கறது கோண அளவு, 100 கஜத்துல சுமார் ஒரு இன்ச்) 100 கஜத்துல கால் இன்ச் நகரும், 25ல அதுல நாலுல ஒரு பங்குதான், அதனால ஒரு இன்ச் தள்ளிப் பட்டா 16 கிளிக். நடுவுல வந்ததும் 100 கஜம், மூணு மூணா சுட்டு குரூப்போட நடுவைப் பார்த்துத்தான் திருப்பணும், ஒத்தைத் தோட்டாவைப் பார்த்து திருப்பிட்டே இருந்தா அதுக்கு முடிவே கிடையாது. மணல்மூட்டை ஸ்டாக்குக்கு கீழதான், பேரலுக்கு கீழ வெச்சா குண்டு வேற இடத்துக்குப் போகும். .30-06, 180 கிரெய்ன்னா 100ல ரெண்டு இன்ச் மேல பட்ற மாதிரி வைங்க, 200ல நடுவுல வந்து நிக்கும். நடுவுல பேரலை ஆறவிடுங்க. அடுத்த நாள் ஆறின பேரல்ல ஒரே ஒரு தோட்டா சுட்டு அது எங்க படுதுன்னு குறிச்சு வைங்க, ஏன்னா மிருகத்துக்குப் போறது அந்த முதல் தோட்டாதான், சூடான பேரலோட மூணாவது தோட்டா இல்ல.

அதுக்கப்புறம் பெஞ்சை விட்டு எழுந்துடுங்க. நிறைய பேர் இங்கயே நின்னுடறாங்க, மேசையில ஒரு இன்ச் குரூப் வந்ததும் 400 கஜம் சுடலாம்னு நினைச்சுக்கறாங்க. காட்டுல மேசை கிடையாது. எட்டு இன்ச் பேப்பர் தட்டு ஒண்ணை மாட்டி, மண்டி போட்டு, உக்காந்து, ஷூட்டிங் ஸ்டிக் வெச்சு நின்னு, கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கின நிலையிலயும் சுட்டுப் பாருங்க. எந்த தூரத்துல எல்லாத் தோட்டாவும் தட்டுக்குள்ள விழுதோ அதுதான் உங்க எல்லை, ஸ்டிக்ல 180 கஜம்னா 180, ஸ்கோப்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. வீட்டுல தினமும் கொஞ்ச நேரம் டம்மி தோட்டா போட்டு ட்ரிகர் அமுத்திப் பழகுங்க, அந்த ரூம்ல உண்மையான தோட்டா ஒண்ணுகூட இருக்கக்கூடாது. மிருகம் பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்காலோட பின்ஓரத்தைப் பிடிச்சு மேல வந்து, உடம்புல மூணுல ஒரு பங்கு உயரத்துல வைக்கணும். உங்களை நேரா பார்த்துட்டு நின்னாலோ பின்பக்கம் காட்டினாலோ காத்திருங்க, அது திரும்பாமலே போயிட்டா போகட்டும்.

தோட்டாவை ஒரே லாட் நம்பர்ல (ஒரே தடவையில தயாரிச்ச தொகுப்பு) சீசனுக்கு வேண்டியதை மொத்தமா வாங்கி வெச்சுடுங்க, அதே பெயர் அதே கிரெய்ன் போட்ட அடுத்த லாட்கூட ஒரு இன்ச் தள்ளிப் படலாம். வண்டியிலயோ விமானத்துலயோ கொண்டு போனா, வேட்டைக்கு முன்னாடி அங்க ஒரு டார்கெட் வெச்சு ரெண்டு தோட்டா சுட்டுப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும், ஸ்க்ரூல போட்ட கோடு நகர்ந்திருந்தா அன்னிக்கு முழுசும் போனாலும் பரவால்ல, திரும்ப ஜீரோ பண்ணிட்டுப் போங்க.