களைக்கொத்தி எங்கே?

வாசகர் கேள்வி: காடு, மலை, நடை. பதில் அளிப்பவர், ஒரு பெண்கள் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆனால் எல்லாரும் சுற்றி வளைத்தே கேட்டிருக்கிறீர்கள். ‘இயற்கை உபாதை’ என்கிறார் ஒருவர். ‘அந்தச் சங்கடம்’ என்கிறார் இன்னொருவர். ஓர் அம்மையார் சொல்லையே எழுதாமல் மூன்று புள்ளி வைத்துவிட்டார். நான் வெளிக்குப் போவது என்றே எழுதுகிறேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. இந்த மாசியில் வெள்ளியங்கிரி ஏறியே தீர வேண்டும் என்கிறார். ஏறும் வழியில் வெளிக்குப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? குழி தோண்டி மூடிவிட வேண்டும் என்று படித்திருக்கிறேன். அது போதுமா? (வாசகர், ஈரோடு)

குழி தோண்டி மூடுவது சரி. எங்கே தோண்டுகிறோம் என்பதில்தான் தவறுகிறோம். நானும் தவறியவள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1996 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. பழனி மலைச் சரிவில் ஓர் ஓடைக் கரையில் முகாம் போட்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் 34 பேர், ஆசிரியைகள் மூன்று பேர், மூன்று நாள். ‘ஓடைக்கு அந்தப் பக்கம் போங்கள்’ என்று பிள்ளைகளுக்குக் கை காட்டியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கால் கழுவத் தண்ணீர் வேண்டுமே, அதனால் ஓடைப் பக்கம். ஆளுக்கொரு சோப்பு வேறு கொடுத்து, சுத்தம் பற்றிப் பேசியும் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, கீழிருந்து ஒரு பளியர் பழங்குடிப் பெண் ஏறி வந்தார். இடுப்பில் குடம். “டீச்சரம்மா, மேலே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். குடத்தை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். உள்ளே அரைக் குடம் தண்ணீர். அதில் பச்சை நிறச் சோப்பு உறை ஒன்று மிதந்தது. நாங்கள் கொடுத்த சோப்பின் உறை. அவர் சண்டை போடவில்லை. “எங்கள் வீட்டில் ஐந்து பேர்” என்று மட்டும் சொன்னார். தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, ஓடையில் எங்கள் முகாமுக்கும் மேலே ஏறிப் போய் மொண்டுகொண்டு இறங்கிவிட்டார்.

அன்று இரவு கணக்குப் போட்டேன். 37 பேர், மூன்று நாள். நூறு முறைக்கு மேல். உறை கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் அந்தக் குடத்துக்குள் போனது எவ்வளவு?

அதிலிருந்து என்னோடு வருகிறவர்களுக்கு ஒரே சட்டம். தண்ணீரைத் தேடிப் போகக் கூடாது. தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஓடையை விட்டு விலகிப் போக வேண்டும். மேலைநாட்டு மலையேற்றக் கையேடுகள் நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளிப் போ என்கின்றன. காகிதத்தால் துடைக்கிறவர்களுக்கு அது எளிது. நமக்கோ கால் தானாகவே கண்மாய்க்கரைக்கும் ஆற்றங்கரைக்கும்தான் போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கால். அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டால் அந்தப் பழக்கம் அறுந்துவிடும். 200 அடி என்பது சராசரி ஆளுக்குச் சுமார் 80 தப்படி. ஓடை, சுனை, நடைபாதை, கூடாரம் எதுவானாலும் அந்தத் தூரம் வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் ஓடும் பள்ளமும் ஓடைதான், கோடையில் காய்ந்து கிடந்தாலும்.

குழி ஒரு சாண் ஆழம். அகலம் ஓர் உள்ளங்கை என்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு உள்ளங்கை வைத்துக்கொள்ளுங்கள், குறி தப்பாது. கருவி பெரிதாக வேண்டாம். தோட்டத்தில் களை எடுக்கும் களைக்கொத்தி போதும். ஏன் ஒரு சாண் என்றால், வேரும் மண்புழுவும் நுண்ணுயிரும் மண்ணின் மேலடுக்கில்தான் நெருக்கமாக வாழ்கின்றன. அங்கே காற்றும் சூடும் உண்டு. அதைவிட ஆழமாகப் போனால் மக்குவது மந்தமாகிவிடும். நான்கு விரல் ஆழத்தில் நிறுத்தினால் காட்டுப்பன்றி அன்று இரவே கிளறிவிடும். வேலை முடிந்ததும் குழியின் மேலேயே உட்கார்ந்தபடி கழுவுங்கள். பிறகு தோண்டிய மண்ணில் ஒரு பிடி போட்டு, குச்சியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு மிச்ச மண்ணைத் தள்ளி மூடுங்கள். குச்சி அங்கேயே கிடக்கட்டும். மேலே சருகு. கைக்கு சோப்புப் போடுவதும் அங்கேதான், ஓடையில் இல்லை.

மூடியதெல்லாம் உடனே மக்கிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் மொண்டானா மலைகளில், இப்படிப் புதைத்த மலத்தில் நோய்க்கிருமிகள் குளிர்காலம் முழுவதையும் தாண்டி உயிரோடு இருந்ததைச் சுமார் 45 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருக்கிறார்கள். குடலுருண்டைப்புழுவின் முட்டை ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கொக்கிப்புழு இன்னும் மோசம். முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும் பருவத்தை அடைந்துவிடும். நிழலும் ஈரமும் சூடும் உள்ள மண் அதற்குச் சொர்க்கம்.

இப்போது வெள்ளியங்கிரிக்கு வருகிறேன். மேலே சொன்னது எதையும் உங்கள் அப்பா அங்கே செய்ய வேண்டாம்! குழி என்பது சிலர் மட்டும் போகும், மண் ஆழமான காட்டுக்கு உரியது. வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். பெரும்பாலும் இரவில். பாதை குறுகல், பல இடங்களில் பாறை. 80 தப்படி விலகினால் ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் யானை இருக்கலாம். குடிக்கும் தண்ணீரோ கைதட்டிச் சுனை, பாம்பாட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று அதே சரிவில்தான் ஊறுகிறது. போதாக்குறைக்குப் பலர் செருப்பில்லாமல் ஏறுகிறார்கள். கொக்கிப்புழுவைப் பற்றி இப்போதுதான் சொன்னேன்.

அதனால் பூண்டி அடிவாரத்திலேயே முடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். முதல் நாள் பரோட்டா, கோழிக் குழம்பு வேண்டாம்; இட்லி, ரசஞ்சாதம் போதும். அதையும் மீறி வந்தால் எடுத்து வர வேண்டியதுதான். முகம் சுளிக்காதீர்கள், அறுபதைத் தாண்டிய பிறகு நானே செய்திருக்கிறேன். மூடி இறுக்கமான ஒரு டப்பா. அதில் பாதி அளவு தென்னைநார்த் தூள்; பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் போல அழுத்தி விற்பார்களே, அது. தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும், வாடையையும் அடக்கும். ஒரு ஓரமாக ஒதுங்கி, செய்தித்தாளை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் போய்விட்டு, தூள் தூவி, பொட்டலமாகச் சுருட்டி டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டியது. அவ்வளவுதான். இறங்கிய பிறகு அடிவாரக் கழிப்பறையில் கொட்டிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில், கிணற்றை விட்டுத் தள்ளி, முழ ஆழத்தில் புதையுங்கள். தென்னைக்குப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் எல்லாரும் காட்டுக்குத்தான் போனார்கள். என்ன கெட்டுப் போயிற்று? யானை போடாததையா மனிதன் போட்டுவிடுகிறான்? (வாசகர், திண்டுக்கல்)

யானை ஒரு நாளைக்குச் சுமார் நூறு கிலோ போடுகிறது. புல்லும் பட்டையும் மூங்கிலுமாகத் தின்று, அதே காட்டில் விதையோடு திருப்பிக் கொடுக்கிறது. அதன் லத்தியிலிருந்து உங்களுக்கு டைபாய்டு வராது. என்னிடமிருந்து வரும். மனிதனுக்கு வரும் டைபாய்டு மனிதனிடமிருந்தே வருகிறது. இதில் யானையோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

தாத்தா காலத்தில் எதுவும் கெடவில்லை என்பதற்கு, அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளின் கணக்கை யாராவது எடுத்து வைத்திருந்தால் பேசலாம். இன்னொன்று, தாத்தாவின் தாத்தாக்களுக்கே இதில் சட்டம் இருந்தது. பதினெண்கீழ்க்கணக்கில் உள்ள ஆசாரக்கோவை, எச்சில் உமிழவும் வெளிக்குப் போகவும் கூடாத பத்து இடங்களை எண்ணிச் சொல்கிறது. புல், பயிர், சாணம், சுடுகாடு, வழி, நீர்த்துறை, கோயில், நிழல், மாடு கட்டும் இடம், சாம்பல். இதில் வழியும் நீர்த்துறையும்தான் நான் மேலே எழுதியவை. எனக்குப் பிடித்தது நிழல். அடுத்தவர் வந்து உட்காரும் இடம் அல்லவா?

கேள்வி: ‘மக்கும் தன்மை கொண்டது’ என்று அச்சிட்ட ஈரத் துடைப்பான்களைப் புதைக்கலாமா? (வாசகி, சென்னை)

வேண்டாம். பலவற்றில் பிளாஸ்டிக் இழை உண்டு; இல்லாதவையும் உரம் தயாரிக்கும் ஆலையின் நிதானத்தில்தான் மக்கும், காட்டின் நிதானத்தில் இல்லை. போட்டு வந்த பையிலேயே திரும்பட்டும். இலையால் துடைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். செந்தட்டியைக் கண்டால் அடையாளம் தெரியும் என்றால் துடையுங்கள். என் மாணவி ஒருத்திக்குத் தெரியவில்லை. அன்று மாலை முழுவதும் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

கேள்வி: மூன்று நாள் நடையின்போது மாதவிலக்கு வந்துவிட்டால் நாப்கின்களை என்ன செய்வது? எரித்துவிடலாம் என்கிறாள் தோழி. (வாசகி, மதுரை)

எரிக்கக் கூடாது. ஈர நாப்கின் சரியாக எரியாது; கருகி, புகைந்து, பாதியில் நிற்கும். கோடையில் நம் மலைச் சரிவுகளில் போதைப்புல் ஆளுயரம் காய்ந்து நிற்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ நடந்துபோனவர்களைச் சூழ்ந்தபோது என்ன ஆயிற்று என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் காட்டுக்குள் தீக்குச்சியே எடுக்காதீர்கள்.

புதைக்கவும் கூடாது. வாடைக்குப் பன்றியும் நரியும் தோண்டும். செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அதில் இரண்டு கரண்டி காய்ந்த தேயிலைத் தூளைப் போட்டுக் கட்டுங்கள். வாடை வெளியே வராது. மாதவிலக்குக் கிண்ணம் பழகியவர்களுக்கு இந்தச் சுமையே இல்லை. அதில் சேர்வதைச் சாண் குழியில் ஊற்றி மூடிவிடலாம். ஆனால் முதல் முறையாகப் பழகுவதை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், வீட்டில் இரண்டு மாதம் பழகிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மகன் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கப் போகிறான். அங்கே மலத்தைப் பையில் எடுத்து வர வேண்டும் என்று சட்டமாமே? (வாசகி, கோவை)

2024ஆம் ஆண்டு ஏறும் பருவத்துக்காக அந்தப் பகுதி உள்ளாட்சி அப்படி ஒரு விதி போட்டது. அது முகாமுக்கு மேலே சிகரம் ஏறுகிறவர்களுக்கு. மேலே பனியும் பாறையும்தான். அந்தக் குளிரில் எதுவும் மக்குவதில்லை. போட்டது போட்டபடியே கிடக்கும். பனியை உருக்கித்தான் குடிக்கவும் வேண்டும். அதனால் ஈரத்தை இறுக்கிக் கெட்டியாக்கும் தூள் போட்ட பைகளைக் கொடுத்து, திரும்பும்போது காட்டச் சொன்னார்கள். அலாஸ்காவின் டெனாலி மலையில் இது பழைய நடைமுறை. அங்கே மூடி போட்ட சிறிய டப்பா ஒன்றை முதுகுப் பையில் கட்டிக்கொண்டே ஏறுகிறார்கள்.

உங்கள் மகன் முகாம் வரைதான் போகிறார், வழியெல்லாம் விடுதிகளில் கழிப்பறை உண்டு. ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். முகாமில் சேர்வதைப் பீப்பாய்களில் அடைத்துக் கீழே கோரக் ஷெப் என்ற இடத்தின் பக்கம் வரை சுமந்து வந்தவர்கள் ஏறினவர்கள் அல்லர், அந்த ஊர்ச் சுமையாட்கள். வழியில் நீலப் பீப்பாயோடு யாராவது எதிரே வந்தால் தம்பி ஒதுங்கி நிற்கட்டும்.

கேள்வி: ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் போகிறோம். வெட்கத்தில் அடக்கிக்கொண்டே நடக்கிறவர்களை எப்படிப் பேச வைப்பது? (வாசகர், திருநெல்வேலி)

பேச வைக்காதீர்கள். அடக்கினால் மலச்சிக்கல், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மயக்கம். இரண்டையும் நிறையப் பார்த்துவிட்டேன். எங்கள் குழுவில் ஒரு துணிப்பை உண்டு. உள்ளே களைக்கொத்தி, அரை லிட்டர் பாட்டில், ஒரு துண்டு சோப்பு. அது எப்போதும் கூடாரத்துக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிகிற கிளையில் தொங்கும். பையை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பை கிளையில் இல்லை என்றால், அந்தப் பக்கம் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். திரும்பி வரும்வரை மற்றவர்கள் அந்தத் திசையில் போகக் கூடாது. எடுத்தவர் பாட்டிலை நிரப்பித்தான் மாட்ட வேண்டும். முதல் நாள் முதல் ஆளாகக் குழுத் தலைவரே எல்லார் முன்னாலும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள். வராவிட்டாலும் போய் வாருங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.